500 கொடுத்து மேஜிகார்ப் வாங்கலாமா, தூண்டில் கிடைக்கும்வரை பொறுக்கலாமா?

போக்கிமான் ரெட், ப்ளூ ஆட்டங்களில் முதல் ஜிம்மில் புரோக்கை ஜெயித்துவிட்டு மவுண்ட் மூன் குகை வாசலுக்கு வந்தால், அங்கே உள்ள போக்கிமான் சென்டரில் ஓர் ஆள் நிற்பார். உங்களுக்கென்றே ஒரு நல்ல பேரம் வைத்திருப்பதாகச் சொல்லி, மேஜிகார்ப் என்ற சிவப்புக் கெண்டை மீனை 500-க்கு நீட்டுவார். வாங்கியபின் மறுபடி போய்ப் பேசினால், பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பார். கைக்கு வந்த மீன் லெவல் 5. அதற்குத் தெரிந்த ஒரே வித்தை ஸ்பிளாஷ், அதாவது துள்ளுவது. எத்தனை முறை துள்ளினாலும் எதிரிக்கு ஒரு கீறலும் விழாது.

இதே மீன் இரண்டு ஊர் தள்ளி இலவசம். துறைமுக ஊரான வெர்மிலியனில் மீன்பிடிப் பிரியர் ஒருவர் ஓல்ட் ராட் என்ற பழைய தூண்டிலைச் சும்மாவே கொடுக்கிறார். அந்தத் தூண்டிலை எந்தத் தண்ணீரில் வீசினாலும் மாட்டுவது லெவல் 5 மேஜிகார்ப் மட்டும்தான். அதனால் மலையடியில் 500 கொடுப்பவன் ஏமாளி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள், முதல் போக்கிமானாக எதை எடுத்தீர்கள் என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. சில சமயம் அந்த 500, இந்த ஆட்டங்கள் நடக்கும் கான்டோ பகுதியிலேயே லாபமான செலவு. சில சமயம் வீண்.

மீனின் உண்மையான நிலை

முதலில் இந்த மீன் எவ்வளவு நோஞ்சான் என்று பார்த்துவிடுவோம். மேஜிகார்ப்பின் அடிப்படை எண்கள்: உயிர் 20, தாக்குதல் 10, தற்காப்பு 55, வேகம் 80. இரண்டாம் தலைமுறை ஆட்டங்களான கோல்ட், சில்வரில் ஸ்பெஷல் என்ற எண் இரண்டாகப் பிரிந்தபின் ஸ்பெஷல் தாக்குதல் 15, ஸ்பெஷல் தற்காப்பு 20. எல்லாம் கூட்டினால் 200.

இதில் பலர் கவனிக்காத ஒன்று அந்த வேகம். முதல் போக்கிமானாக எடுக்கக் கிடைக்கும் மூன்றில் ஸ்குவர்ட்டிலின் வேகம் 43, புல்பசாரின் வேகம் 45, சார்மாண்டருக்கே 65தான். மூன்றையும் மேஜிகார்ப் முந்துகிறது. தற்காப்பிலும் சார்மாண்டரையும் புல்பசாரையும் விட மேல். தாக்குதல் எண்ணில் கூட அது கடைசி இடம் இல்லை, சான்சியின் தாக்குதல் வெறும் 5. மொத்தக் கூட்டலிலும் அதற்குக் கீழே ஆள் உண்டு. சூரியகாந்தி விதைபோல் இருக்கும் சன்கெர்ன் 180. ஏழாம் தலைமுறையில் வந்த விஷிவாஷி என்ற குட்டி மீன் கூட்டமில்லாமல் தனியே இருக்கும்போது 175. ஆனால் இவை எதுவும் மேஜிகார்ப் அளவுக்குப் பேர் வாங்கவில்லை. காரணம் எண்கள் அல்ல, செய்வதற்கு எதுவுமே இல்லாத அந்த நிலைமை. லெவல் 15-ல் டாக்கிள் கற்றுக்கொள்ளும்வரை அதனால் எதிரியைத் தொட முடிவது ஒரே வழியில்தான்: ஸ்பிளாஷின் 40 வாய்ப்புகளையும் துள்ளித் தீர்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஸ்ட்ரகிள் செய்து தானும் அடிபட்டுக்கொள்வது. முதல் தலைமுறையில் டிஎம் என்ற, வித்தை கற்றுத்தரும் பொருள் எதுவும் அதனிடம் பலிக்காது. அந்த ஆட்டத்தின் போக்கிமான் கையேடான போக்கிடெக்ஸின் குறிப்பே, பழங்காலத்தில் இது இன்னும் கொஞ்சம் பலமாக இருந்ததாகவும் இன்றைய வாரிசுகள் படுமோசம் என்றும் சொல்கிறது.

லெவல் 20-ல் இதே மீன் கியாரடோஸ் ஆகிறது. உயிர் 95, தாக்குதல் 125, தற்காப்பு 79, வேகம் 81. ரெட், ப்ளூவில் ஸ்பெஷல் 100. இன்றைய கணக்கில் கூட்டுத்தொகை 540. மஞ்சள் ஆற்றில் டிராகன் வாயில் என்ற இடத்தைத் தாண்டிக் குதிக்கும் கெண்டை டிராகன் ஆகிவிடும் என்ற சீனக் கதையின் சாயல் இது. இத்தனைக்கும் ஆட்டத்தில் கியாரடோஸ் டிராகன் வகையே இல்லை. நீர், பறத்தல் என்ற இரட்டை வகை. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

விலை 500 அல்ல, 9,844

வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பணத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது கையில் 3,000 இருக்கும். போக்கே பால் ஒன்று 200. ஆகவே 500 என்பது இரண்டரைப் பந்துகள். மவுண்ட் மூன் வாசலில் அது கொஞ்சம் உறைக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த ஊரான செருலியனைத் தாண்டி நகெட் பாலத்தில் வரிசையாக நிற்கும் 5 பேரை ஜெயித்தால் ஒரு நகெட் கிடைக்கிறது. அதை விற்றால் 5,000. பணப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

உண்மையான விலை எக்ஸ்பியில், அதாவது லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளில் இருக்கிறது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் வளரும் வேகம் வேறு. மேஜிகார்ப் மெதுவாக வளரும் கூட்டத்தைச் சேர்ந்தது. லெவல் 5-ல் அதன் எக்ஸ்பி 156, லெவல் 20-க்கு 10,000 வேண்டும். இடைவெளி 9,844. சார்மாண்டர் போன்ற தொடக்கப் போக்கிமான்கள் லெவல் 20-ஐ எட்ட 5,460 போதும். அந்தப் பத்தாயிரத்தை அவற்றுக்கே கொடுத்திருந்தால் லெவல் 23-ஐத் தாண்டி 24-ஐ நெருங்கியிருக்கும். அதாவது, துள்ளத் தெரிந்த ஒரு மீனுக்காக உங்கள் முக்கியமான போக்கிமானின் வளர்ச்சியில் கைவைக்கிறீர்கள்.

எப்படிக் கைவைப்பது? மேஜிகார்ப்பை முதலில் இறக்கி, உடனே அதை உள்ளே இழுத்து வேறொன்றை அனுப்பிச் சண்டையை முடிப்பதுதான் வழக்கமான முறை. இரண்டும் களத்துக்கு வந்ததால் எக்ஸ்பி பாதிப் பாதியாகப் பிரியும். ஒரு பயிற்சியாளரின் லெவல் 11 ஸுபாட்டை இப்படி வீழ்த்தினால் மீனுக்குக் கிடைப்பது 63. அதே அளவில் போனால் 157 ஸுபாட்கள் வேண்டும். எதிரிகள் பெரிதாகப் பெரிதாகக் கிடைப்பதும் கூடும், செருலியன் ஜிம் தலைவி மிஸ்டியின் லெவல் 21 ஸ்டார்மி ஒன்றிலேயே மீனின் பங்காக 463 வந்துவிடும். இருந்தாலும் மவுண்ட் மூன் உள்ளே இருப்பவர்கள், நகெட் பாலம், ரூட் 25, அங்கே குறுக்கிடும் போட்டியாளன், மிஸ்டி எல்லோரையும் இப்படியே முடித்தாலும் என் தோராயக் கணக்கில் மீன் லெவல் 16-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இங்கேதான் ரெட், ப்ளூ, யெல்லோ மூன்றுக்கும் உள்ள ஒரு குணம் முக்கியமாகிறது. வழியில் நிற்கும் பயிற்சியாளர்களோடு ஒரு முறைதான் மோத முடியும். அவர்கள் தரும் எக்ஸ்பி ஒரே தடவை வரும் வருமானம். வெர்மிலியன்வரை பொறுத்துத் தூண்டிலில் மீன் பிடிப்பவருக்கு மவுண்ட் மூனும் நகெட் பாலமும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். மிச்சமிருக்கும் எக்ஸ்பியில் லெவல் 5-லிருந்து தொடங்க வேண்டும். 500 கொடுத்தவர் வாங்கியது மீனை மட்டும் இல்லை, அந்தப் பயிற்சியாளர்களிடம் மீனுக்கு ஒரு பங்கு கேட்கும் உரிமையையும்தான்.

பொறுப்பவருக்கும் ஒரு நல்ல வழி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெர்மிலியனில் நுழைந்ததும் தூண்டிலை வாங்கி, துறைமுகத் தண்ணீரிலேயே மீனைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு எஸ்.எஸ். ஆன் கப்பலில் ஏறுங்கள். அறைக்கு அறை பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மீனைப் பிடிப்பதிலும் கஷ்டமில்லை, பிடிபடும் அளவில் அது ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு சாதாரணப் பந்தே போதும். கேப்டனிடம் கட் என்ற வித்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் கப்பல் புறப்பட்டுவிடும், ஆகவே வரிசை மாறக் கூடாது.

டே கேர் என்ற மூன்றாவது கை

செருலியனுக்குத் தெற்கே ரூட் 5-ல் ஒரு டே கேர் இருக்கிறது. ஒரு போக்கிமானை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் அதற்கு 1 எக்ஸ்பி சேரும். திரும்ப எடுக்கும்போது கட்டணம் 100, அதோடு ஏறிய ஒவ்வொரு லெவலுக்கும் 100.

மற்ற போக்கிமான்களை அங்கே விட எனக்கு மனம் வராது. அங்கே வளரும்போது புது வித்தைகளைத் தானாகக் கற்று, நீங்கள் ஆசையாகச் சொல்லிக்கொடுத்த பழையதை மறந்துவிடும். மேஜிகார்ப்புக்கு அந்தப் பயமே இல்லை, மறப்பதற்கு அதனிடம் ஒன்றும் கிடையாது. அதனால் டே கேரை முழு நிம்மதியோடு பயன்படுத்தக்கூடிய போக்கிமான் இது.

லெவல் 5 மீனை விட்டு லெவல் 19-ல் எடுக்க 8,417 அடிகள், கட்டணம் 1,500. லெவல் 15 மீனை விட்டால் 4,355 அடிகள், கட்டணம் 500. வெர்மிலியன் ஃபேன் கிளப் தலைவரிடம் சீட்டு வாங்கி, செருலியனில் சைக்கிளை எடுத்துவிட்டால் இந்த அடிகள் சீக்கிரம் ஓடிவிடும்.

லெவல் 20 என்று சொல்லாமல் 19 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டே கேருக்குள் எந்தப் போக்கிமானும் பரிணமிக்காது. மீன் உள்ளேயே 20-ஐ எட்டிவிட்டால் வெளியே வந்து லெவல் 21 ஆகும்போதுதான் கியாரடோஸ் ஆகும். அதற்கு இன்னும் 1,576 எக்ஸ்பி வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், ரெட், ப்ளூவில் கியாரடோஸ் பைட் என்ற கடியை லெவல் 20-ல்தான் கற்கிறது. 21-ல் மாறினால் அது கைவிட்டுப் போகும், பிறகு லெவல் 25-ல் டிராகன் ரேஜ் வரும்வரை டாக்கிளை வைத்தே காலம் தள்ள வேண்டும். மறந்ததை நினைவூட்டும் ஆள் அந்தத் தலைமுறையில் கிடையாது.

அப்புறம் ரேர் கேண்டி, கொடுத்தால் உடனே ஒரு லெவல் ஏற்றும் மிட்டாய். மவுண்ட் மூன் முதல் தளத்திலேயே ஒன்று கிடக்கிறது. மீனை வாங்கிய சூட்டோடு அதைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. லெவல் 5-லிருந்து 6-க்கு ஏற அது மிச்சப்படுத்துவது 114 எக்ஸ்பி. லெவல் 19-ல் கொடுத்தால் 1,427. பையில் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, யார் வாங்கலாம்?

சார்மாண்டரோடு தொடங்கியவர் வாங்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நெருப்பு வகைக்கு கான்டோவின் முதல் பாதி கரடுமுரடானது, புரோக், மிஸ்டி என்று வரிசையாக இடிக்கும். அதோடு சின்னபார் தீவுக்குப் போக, தண்ணீரைக் கடக்க வைக்கும் சர்ஃப் வித்தை தெரிந்த ஒன்று எப்படியும் வேண்டும். நான் சொல்லும் வழி இது: 500 கொடுத்து வாங்கி, மவுண்ட் மூன் முதல் மிஸ்டிவரை மாற்றி மாற்றி இறக்கி லெவல் 15-ஐத் தாண்ட வையுங்கள். வெர்மிலியனுக்கு இறங்கும் வழியில் ரூட் 5 டே கேரில் விட்டுவிடுங்கள். வெர்மிலியனின் ஜிம் லெப்டினன்ட் சர்ஜுடையது. நீரும் பறத்தலும் சேர்ந்த கியாரடோஸ்மேல் மின்சாரம் நான்கு மடங்காக விழும். அவருடைய லெவல் 24 ரைச்சு முன்னால் அதை நிறுத்தக்கூட முடியாது. எப்படியும் பயன்படாத அந்த நேரத்தில் மீன் டே கேரில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். சர்ஜை முடித்துவிட்டு செருலியன் வழியாக ராக் டனலுக்குப் போகும்போது லெவல் 19-ல் எடுத்து, ரேர் கேண்டி கொடுத்தால் அங்கேயே கியாரடோஸ். மிஸ்டி பரிசாகத் தந்த பபிள்பீம் டிஎம்மைச் சொல்லிக்கொடுத்தால், ராக் டனலின் ஜியோடூட், ஆனிக்ஸ் எல்லாவற்றையும் அது வழித்துக்கொண்டு போகும். சர்ஜ் பரிசாகத் தரும் தண்டர்போல்ட்டையும் இதுவே கற்கும். தன்னை ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய வித்தையைத் தானே கையில் வைத்திருக்கும் போக்கிமான் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

அதன் பிறகு இந்த மீன் கடைசிவரை வரும். பின்னால் வரும் ஜிம் தலைவர்களில் எரிகாவின் புல் வகைகூட அதன் பறத்தல் காரணமாகச் சாதாரண அடியாகத்தான் விழும். பிளேனின் நெருப்பை நீர் பாதியாக்கும். ஜியோவானியின் நில வகைத் தாக்குதல்கள் பறத்தல்மேல் படவே படாது. சாம்பியனுக்கு முன் நிற்கும் லான்ஸும் லெவல் 58 கியாரடோஸைத்தான் முதலில் இறக்குகிறார், டிராகன் நிபுணரே நம்பும் மீன்.

ஸ்குவர்ட்டில் எடுத்தவருக்கு மேஜிகார்ப் தேவையில்லை. பபிள்பீம், ஐஸ் பீம், சர்ஃப் என்று எல்லாவற்றுக்கும் ஸ்குவர்ட்டிலின் வளர்ந்த வடிவமான பிளாஸ்டாய்ஸும் கியாரடோஸும் ஒரே வேலையைத்தான் செய்யும். டிஎம்கள் அந்தக் காலத்தில் ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகும். அந்த 500-க்குப் பந்து வாங்குங்கள்.

புல்பசார் எடுத்தவர் நடுவில் இருக்கிறார். புரோக்கும் மிஸ்டியும் அவருக்கு எளிது, அவசரம் இல்லை. பொறுத்திருந்து ஓல்ட் ராடில் பிடித்து, கப்பலில் கொஞ்சம் வளர்த்து, மிச்சத்தை டே கேரில் விடலாம். அதற்கும் பொறுமை இல்லையென்றால் சாஃப்ரான் நகரின் சில்ஃப் நிறுவனக் கட்டடத்தில் லெவல் 15 லாப்ரஸ் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, செலடனில் கிடைக்கும் ஈவீக்கு 2,100 விலையுள்ள வாட்டர் ஸ்டோன் கொடுத்து வேப்பரியானும் ஆக்கலாம். உயிர் எண் இரண்டுக்கும் 130, இரண்டுமே நம்பகமானவை. கியாரடோஸின் மேன்மை அது சீக்கிரமே கிடைப்பதில்தான் இருக்கிறது. லாப்ரஸ் கைக்கு வரும் நேரத்தில் ஆட்டம் பாதிக்குமேல் போயிருக்கும்.

யெல்லோவில் சர்ஜை வென்றபின் வெர்மிலியனில் ஸ்குவர்ட்டில் தானாகக் கிடைக்கும். பிகாச்சுவோடு தொடங்கியவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பதிப்பு மாறினால் பதிலும் மாறும்

2004-ல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஆட்டங்களிலும் அதே ஆள் அதே இடத்தில் அதே 500-க்கு விற்கிறார். ஆனால் அங்கே வாங்க வேண்டாம் என்பேன். வெர்மிலியன் போக்கிமான் சென்டரில் விஎஸ் சீக்கர் என்ற கருவி கிடைக்கிறது, அதை வைத்துப் பழைய பயிற்சியாளர்களோடு மறுபடி மோதலாம். ரெட், ப்ளூவில் சொன்ன ஒரே தடவை வருமானம் என்ற வாதம் இங்கே செல்லாது. பொறுப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் வருத்தமான விஷயம். இரண்டாம் தலைமுறையில் ஸ்பெஷலை இரண்டாகப் பிரித்தபோது கியாரடோஸின் 100, தற்காப்புப் பக்கம் போய்விட்டது. ஸ்பெஷல் தாக்குதலுக்கு மிஞ்சியது 60. நீர் வகைத் தாக்குதல் எல்லாமே அப்போது ஸ்பெஷல் கணக்கில்தான் ஓடின. ஆகவே ரெட்டில் அணையை உடைத்த மாதிரி பாயும் சர்ஃப், ஃபயர்ரெட்டில் சுமாராகத்தான் அடிக்கும். 125 தாக்குதல் இருந்தும் அதை நீர் வகையில் செலவழிக்க வழி இல்லாத மீன் அது. எதிரியின் தாக்குதலைக் குறைக்கும் இன்டிமிடேட் திறன் மூன்றாம் தலைமுறையில் வந்து ஓரளவு ஈடுகட்டியது. 2006-ல் டைமண்ட், பெர்ல் வந்து ஒவ்வொரு வித்தையையும் தனித்தனியாக உடல் தாக்குதல், ஸ்பெஷல் தாக்குதல் என்று பிரித்தபோதுதான் நியாயம் கிடைத்தது. வாட்டர்ஃபால் உடல் தாக்குதல் ஆனது, கியாரடோஸ் மறுபடி கியாரடோஸ் ஆனது. அந்த ஆட்டங்களின் சின்னோ பகுதியில் ஆடுபவர் கண்ணை மூடிக்கொண்டு மேஜிகார்ப் வளர்க்கலாம்.

2018-ன் லெட்ஸ் கோ ஆட்டங்களில் இந்தக் கேள்வியே எளிது. தூண்டிலே கிடையாது, எக்ஸ்பி குழுவில் உள்ள எல்லோருக்கும் தானாகப் போய்விடும். அங்கே 500 கொடுத்து வாங்கிக் கடைசி இடத்தில் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஜோட்டோவில், அதாவது கோல்ட், சில்வர், கிரிஸ்டல் ஆட்டங்களில், வளர்ப்பதா பிடிப்பதா என்பதுதான் கேள்வி. ரூட் 32 போக்கிமான் சென்டரிலேயே ஓல்ட் ராட் கிடைப்பதால் மேஜிகார்ப் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் மஹோகனி ஊருக்கு வடக்கே லேக் ஆஃப் ரேஜ் ஏரியில் லெவல் 30 சிவப்பு கியாரடோஸ் ஒன்று காத்திருக்கிறது. டீம் ராக்கெட்டின் ரேடியோ அலையால் அங்கே மீன்கள் கட்டாயமாகப் பரிணமிக்கின்றன. ஷைனி என்ற அரிய நிற வகை உறுதி, வளர்க்கும் வேலை மிச்சம், அதோடு கிடைக்கும் சிவப்புச் செதிலை மிஸ்டர் போக்கிமானிடம் கொடுத்தால் எக்ஸ்பியைப் பங்கிடும் எக்ஸ்ப் ஷேர் கருவி. கோல்ட், சில்வர் காலத்தில் ஷைனி என்றால் வேகம், தற்காப்பு, ஸ்பெஷல் மூன்றின் மறை எண்ணும் 15-க்கு 10 என்று கட்டாயம். போட்டிக்கு ஆடுபவருக்கு அது குறை. கதையை முடிக்க நினைப்பவருக்கு ஒரு பொருட்டே இல்லை, சிவப்பைப் பிடியுங்கள்.

ஹோயனில் மட்டும் எதிரணி வலுவானது

2002-ல் வந்த, ஹோயன் பகுதியில் நடக்கும் ரூபி, சஃபயரில் மேஜிகார்ப்புக்கு ஒரு சகோதரி வந்தது: ஃபீபாஸ். உயிர் 20, தாக்குதல் 15, தற்காப்பு 20, ஸ்பெஷல் தாக்குதல் 10, ஸ்பெஷல் தற்காப்பு 55, வேகம் 80. மேஜிகார்ப்பின் அதே எண்களை இடம் மாற்றி வைத்தது. அதுவும் 200. ஃபீபாஸ் மாறும் மிலோடிக்கும் கியாரடோஸின் எண்களையே இடம் மாற்றிய 540. தாக்குதல் 60, ஸ்பெஷல் தாக்குதல் 100, ஸ்பெஷல் தற்காப்பு 125. மற்ற மூன்றும் அப்படியே. இவ்வளவு கச்சிதமான ஜோடியை அந்தத் தொடரில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது.

வித்தியாசம் கிடைக்கும் விதத்தில். மேஜிகார்ப்பை எந்தக் குட்டையிலும் பிடிக்கலாம். ஃபீபாஸ் ரூட் 119-ன் நீண்ட ஆற்றில் வெறும் 6 கட்டங்களில் மட்டும் இருக்கும். டியூஃபோர்ட் ஊரில் பரவும் பேச்சுவழக்கை மாற்றினால் அந்த 6 கட்டங்களும் இடம் மாறிவிடும். தேடிப் பிடித்தாலும் லெவலால் மாறாது. பெர்ரியில் செய்யும் போக்கிபிளாக் என்ற தீனியை ஊட்டி அழகு எண்ணை 170-க்கு ஏற்ற வேண்டும். மட்டமான போக்கிபிளாக் கொடுத்தால் மீன் நிறைந்துபோய், மேற்கொண்டு சாப்பிடாது. அந்த ஃபீபாஸ் அதே ஆட்டத்தில் ஃபீபாஸாகவே நின்றுவிடும்.

இவ்வளவு கஷ்டத்துக்குப் பலன் உண்டா? ஹோயனில் உண்டு. மேலே சொன்ன அதே காரணம்தான்: அங்கே நீர் வகை ஸ்பெஷல் கணக்கு, மிலோடிக்கின் 100 சர்ஃபில் முழுதாக இறங்கும், கியாரடோஸின் 60 இறங்காது. மின்சாரமும் மிலோடிக்கை இரண்டு மடங்குதான் பாதிக்கும். நேரம் இருப்பவர், பெர்ரி அரைப்பதை ரசிப்பவர் ஃபீபாஸ் பக்கம் போகலாம். மற்றவர்கள் மேஜிகார்ப்பை லெவல் 20 ஆக்கிவிட்டு ஆட்டத்தை நகர்த்துங்கள்.

போக்கிமான் கோ என்ற மொபைல் ஆட்டத்தில் இதே ஜோடிக்குக் கணக்கு வேறு. மேஜிகார்ப் பரிணமிக்க 400 மிட்டாய். ஃபீபாஸுக்கு 100 மிட்டாயும், அதைத் துணையாக வைத்து 20 கிலோமீட்டர் நடையும். எண்ணைப் பார்த்தால் ஃபீபாஸ் மலிவு. நடைமுறையில் கடலோரத்திலோ ஏரிக்கரையிலோ இருப்பவருக்கு மேஜிகார்ப் தானாகக் குவியும். ஒரு மீனுக்குச் சாதாரணமாக 3 மிட்டாய், பைனாப் பெர்ரி கொடுத்தால் இரட்டிப்பு. தண்ணீர்ப் பக்கம் போகாதவருக்குத் துணையாக வைத்து நடந்தால் கிலோமீட்டருக்கு ஒரு மிட்டாய். அந்த ஆட்டத்தில் முதல்முதலாக வந்த ஷைனியும் 2017 மார்ச்சில் வந்த தங்க நிற மேஜிகார்ப்தான், அது மாறினால் ஜோட்டோ ஏரியின் அதே சிவப்பு கியாரடோஸ். 400 சேர்ந்துவிட்டது என்பதற்காகக் கையில் கிடைத்த முதல் மீனுக்குக் கொட்டிவிடாதீர்கள். பிடித்ததையெல்லாம் அப்ரைஸ் செய்து, அதாவது தரம் பார்த்து, நட்சத்திரம் அதிகம் உள்ளதாகப் பார்த்து மாற்றுங்கள். தங்க மீன் கையில் இருந்தால் நட்சத்திரம் பார்க்காமலே அதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.